அதிகாரியின் வண்டியில் டக் டக்

ஜப்பான்காரன் மலாய் நாட்டை ஆண்ட காலத்தில் செந்தூல் பட்டறையில் என்னோடு வேலை பார்த்த மெக்கானிக் அண்ணன் ஒல்லியாக, காதில் பீடியோடு இருப்பார். வண்டி செத்தே போனாலும், "நல்லா ரெஸ்ட் எடுக்குதுலா" என்றுதான் சொல்வார்.

ஒருநாள் ஜப்பானிய அதிகாரி ஒருவர் சிறிய லோரியை ஓட்டிவந்தார். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் 'டக் டக்' என்று சத்தமாம். அதற்கு முன் தானே ஓட்டிப் பார்த்துவிட்டு, சத்தமே இல்லை என்ற வேறொரு பட்டறைக்காரருக்கு அவரிடம் கன்னத்தில் அறை விழுந்திருந்தது.

அண்ணன் அதிகாரியையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து போய்வந்தார். இறங்கியதும் என் காதில், "அவரு இடுப்பு வாளுதான் ஸ்டீயரிங் தண்டுல இடிக்குது. நீ சொல்றியா?" என்றார்.

"ஐயோ, நான் மாட்டேண்ணே!"

அண்ணனே போய் மலாய் மொழியில் பணிவாகச் சொன்னார்: "துவான், ஐயா, இவ்வளவு உசத்தியான வாளு காலடியில இருக்கலாமா? சீட்டுல வைங்க."

அதிகாரி நெகிழ்ந்துபோய் வாளைப் பக்கத்து சீட்டில் வைத்தார். வண்டி சத்தமில்லாமல் கிளம்பியது. குனிந்து வணங்கிய அண்ணன், அது மறைந்த பிறகும் நிமிரவில்லை. தோள்கள் குலுங்கின. சிரிப்பா, நடுக்கமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.