கிதியோன் கழித்துவிட்ட ஆள்

தொம்மைக்கு யூதாஸ் என்ற பட்டப்பெயரை வாங்கிக் கொடுத்த பாவி நான். போன மாதம் பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் ‘கபடி, கபடி’ என்று பாடியது கேட்டதும் அது நெஞ்சில் குத்தியது.

எழுபதுகளில் எங்கள் தெருவுக்கும் துறைமுகத்துத் தடியன்களுக்கும் கபடிப் போட்டி. ஞானோபதேச வகுப்பில் அப்போதுதான் பைபிளில் வரும் கிதியோன் கதை கேட்டிருந்தேன். ஆண்டவர் சொன்னபடி, மண்டியிட்டுத் தண்ணீர் குடித்தவர்களைக் கழித்துவிட்டு, கையால் அள்ளிக் குடித்த முந்நூறு பேரோடு பெரும்படையை வென்றவர் அவர். அணித்தலைவனான நானும் என் ஆட்களைத் தெருக்குழாய்த் தொட்டிக்குக் கூட்டிப்போனேன். தொம்மை சங்கு குளிக்கிறவர் மகன், மூச்சு நீளம். கைதட்டல் எல்லாம் அவனுக்குத்தான். எனக்குப் பொறுக்கவில்லை. அவன் கையால்தான் அள்ளிக் குடித்தான்.

“ஏலே, மண்டி போட்டுட்ட. வீட்டுக்குப் போ” என்றேன்.

“பொய் சொல்லுத!” என்றவன் நேரே எதிரணியில் போய்ச் சேர்ந்தான். ஆள் குறைந்தாலும் ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று நம்பினேன். தொம்மை ஒரே மூச்சில் எங்கள் ஆறு பேரையும் தொட்டுவிட்டுப் போனான். வெட்கம் தாங்காமல், அவன் எங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டான் என்று தெருவெல்லாம் சொன்னேன். அன்று ஒட்டிய பெயர்தான்.

சென்ற ஞாயிறு பூசை முடிந்ததும் எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பலர் கண்கலங்கினார்கள். வாசலில் ஒருவர் தொம்மையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“ஒங்க மேல ஒரு தப்பும் இல்ல, யூதாஸ் அண்ணாச்சி!”