லைட்டு கடிக்குது சார்

என் வீட்டு மீன்தொட்டிக்கு மேலே தொங்கும் விளக்கை நானே செய்தேன் என்று ஒரு காலத்தில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். இப்போது யாராவது கேட்டால் கடையில் வாங்கியது என்று சொல்லிவிடுகிறேன்.

மேனாம்பேட்டில் நாங்கள் வாங்கிய ஃப்ளாட் பழையது. கடன் எங்கள் தலையில் இருந்தாலும் சுவர் எங்களுடையது என்பதில் எனக்கு ஒரு குஷி. எங்கு வேண்டுமானாலும் துளை போடலாம், கேட்க ஆளில்லை. கரூரிலிருந்து வந்து பத்து வருடம் வாடகை வீடுகளில் காலண்டர் மாட்ட ஆணி அடிக்கவும் அனுமதி கேட்டு வாழ்ந்தவனுக்கு இது பெரிய சுதந்திரம். ஹாலில் மூன்றடித் தொட்டி ஒன்று வைத்தேன். உள்ளே மணல், கற்கள், கொளத்தூர் மீன் சந்தையில் வாங்கிய செடிகள், விரல்நுனி அளவு மீன்கள். தொட்டியோடு வந்த விளக்கு மங்கல். ஒரே மாதத்தில் செடிகள் மஞ்சளாகிவிட்டன.

வீடியோக்களில் பார்த்தால் வெளிநாட்டுக்காரர்கள் எல்லாம் மூடியில்லாத தொட்டிக்கு மேல் விளக்கைத் தொங்கவிட்டிருந்தார்கள். பார்க்க அவ்வளவு அழகு. விலை மட்டும் அழகாக இல்லை. நாமே செய்தால் என்ன என்று கிளம்பிவிட்டேன். வேலை கணினியில் என்றாலும் படித்தது எலக்ட்ரிகல். அந்தப் பட்டத்தை வைத்து அதுவரை ஒரு ஃபியூஸ்கூடப் போட்டதில்லை.

பூந்தமல்லியில் அலுமினிய ஜன்னல் செய்கிற பட்டறை ஒன்றில் வெட்டி மிச்சமான நீளத் துண்டு ஒன்று கிடைத்தது. அதன் அடியில் எல்.இ.டி. பட்டைகளை ஒட்டினேன். முதுகில் கரண்டைக் குறைத்துக் கொடுக்கும் சின்னப் பெட்டியைத் திருகினேன். கூரையில் இரண்டு கொக்கி போட்டு, மெல்லிய ஸ்டீல் கம்பியில் விளக்கைத் தொங்கவிட்டேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை. அலுமினியத்தில் ஒயர் நுழையத் துளை போட்டபோது அதன் விளிம்பைத் தேய்த்து மழுக்கி, ஒரு ரப்பர் வளையம் போட்டிருக்க வேண்டும். அது எனக்குத் தெரியும். வளையம் கையில் இல்லை, அதனால் போடவில்லை. பக்கத்தில் இருந்த பிளக் பாயின்ட் இரண்டு துளை உள்ளது. அதனால் எர்த் ஒயரையும் வெட்டிச் சுருட்டி உள்ளேயே விட்டுவிட்டேன். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஷாக் அடித்தால் தானாக அணைந்துவிடும் சுவிட்செல்லாம் அந்தப் பழைய கட்டடத்தில் கிடையாது. அதையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் வைத்திருந்தேன்.

விளக்கு எரிந்தது. தண்ணீருக்குள் செடிகளின் நிழல் மணலில் அசைந்தது. மனைவி பார்த்துவிட்டு, "பரவால்லயே, எரியுது," என்றாள். அவள் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

எங்கள் வீட்டில் வேலை செய்கிற அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவார். எங்கள் கட்டடத்திலேயே நான்கு வீடுகள் அவருக்கு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாதா கோயில் பூசை முடிந்து, தலையில் பூவோடு தாமதமாக வருவார். நாங்கள் அவரை 'நீங்க, வாங்க' என்றுதான் பேசுவோம். எங்கள் வீட்டில் அவருக்குத் தனி டம்ளர் கிடையாது. இதைப் பற்றி எனக்குள் ஒரு பெருமை இருந்ததை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்தப் பக்கத்துத் தண்ணீரில் உப்பு அதிகம். தொட்டியின் கண்ணாடியில் தெறிக்கிற சொட்டெல்லாம் வெள்ளைக் கறையாகிவிடும். அதனால் வீடு துடைத்து முடித்ததும் ஈரத்துணியால் கண்ணாடியையும் ஒரு இழுப்பு இழுத்துவிடச் சொல்லியிருந்தேன். விளக்கு தொட்டிக்கு ஒரு சாண் மேலேதான் தொங்கியது. மேல் விளிம்பைத் துடைக்க வேண்டுமானால் அதைக் கையால் ஓரமாகத் தள்ள வேண்டும். அவர் தினமும் தள்ளினார். ஒவ்வொரு முறை தள்ளும்போதும் நான் தேய்க்காமல் விட்ட அந்தத் துளையின் விளிம்பு ஒயரைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொண்டிருந்தது.

ஒரு நாள் காலையில் நான் அலுவலக மீட்டிங்கில் காதில் ஹெட்போனோடு இருந்தேன். அக்கா கதவருகே வந்து நின்றார்.

"சார், அந்த லைட்டு கடிக்குது சார்."

"என்னக்கா?"

"ஓரமா தள்றேன்ல, சுருக்குனு கடிக்குது."

எழுந்து போனேன். எனக்குக் குதிகால் வலி. டாக்டர் சொன்னதால் வீட்டுக்குள்ளும் தடித்த ரப்பர் செருப்போடுதான் நடப்பேன். அந்தச் செருப்போடு நின்று, விளக்கை இரண்டு கையாலும் பிடித்துக் காட்டினேன். ஒன்றுமில்லை. விரல்நுனியில் மெல்ல ஏதோ ஓடியதுபோல் இருந்ததா என்று இன்றைக்கும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். இருந்தது என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்று சத்தியம் செய்யவும் முடியவில்லை. டெஸ்டர் மேஜை டிராயரில் இருந்தது. எடுக்கவில்லை. என் விளக்கைக் குறை சொல்கிறாரே என்ற எரிச்சல்தான் முதலில் வந்தது.

"மீனே கடிக்கல, லைட்டா கடிக்கும்? பாருங்க, ஒண்ணுமில்ல," என்றேன். சமையலறையில் மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது. எனக்கும் என் நகைச்சுவை பிடித்திருந்தது.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "சரி சார்," என்று துணியைப் பிழியப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு புகார் எதுவும் வரவில்லை. ஆனால் வேறொரு தொந்தரவு ஆரம்பித்தது. குளியலறை வாசலில் கிடக்கும் மிதியடி, அடியில் ரப்பர் வைத்த தடித்த மிதியடி, தினமும் மீன்தொட்டிக்கு முன்னால் வந்து கிடந்தது. நான் காலால் தள்ளித் தள்ளிக் குளியலறை வாசலில் கொண்டுபோய்ப் போடுவேன். மறுநாள் மறுபடியும் தொட்டிக்கு முன்னால் கிடக்கும். இரண்டு வாரம் இந்தக் கூத்து நடந்தது. ஒரு தடவை குளித்துவிட்டு வெளியே வந்து மிதியடி இல்லாமல் வழுக்கி விழப் பார்த்தேன். கோபம் வந்துவிட்டது.

"அக்கா, இதை எதுக்கு இங்க இழுத்துட்டு வர்றீங்க? இதோட எடம் அதுதானே? இனிமே நகத்தாதீங்க."

நான் கத்தவில்லை. அதை விட மோசமான ஒரு தொனி உண்டு, அலுவலகத்தில் எனக்குக் கீழே இருப்பவர்களிடம் பேசுகிற தொனி. அதில்தான் சொன்னேன். அவர், "சரி சார்," என்றார். மறுநாள் மிதியடி அதன் இடத்திலேயே இருந்தது. சொன்னால் கேட்டுக்கொள்கிறாரே என்று எனக்குத் திருப்தி.

நான்காம் நாள் ஹாலில் தடாலென்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் அக்கா தரையில் கிடக்கிறார். பக்கத்தில் வாளி கவிழ்ந்து தண்ணீர் சோபாவுக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது. விளக்கு கம்பியில் ஆடிக்கொண்டிருந்தது. அவருடைய வலது முழங்கை தரையில் மோதியிருந்தது. முகம் வெளுத்திருந்தது.

"இன்னா ஆச்சுன்னு தெரீல சார். வழுக்கிடுச்சு," என்றார்.

மனைவி அவரை எழுப்பி உட்காரவைத்து காபி போட்டுக் கொடுத்தாள். நான் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு அனுப்பினேன். ஈரத்தரையில் பார்த்து நடக்க வேண்டாமா என்று அவர் போனதும் சொன்னேன். ஆடிக்கொண்டிருந்த விளக்கை நான் பார்த்தேன். அது ஆடாமல் நிற்கட்டும் என்று கையால் பிடித்தும் விட்டேன். செருப்பு என் காலில் இருந்தது.

அக்கா வரவில்லை. மூன்றாம் நாள் சனிக்கிழமை. வீட்டை நானே துடைப்பதாக மார்தட்டிக்கொண்டு மாப்பை எடுத்தேன். ஹாலைத் துடைத்து முடித்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. நான் துடைத்த இடத்தில் எல்லாம் என் செருப்புத் தடம். இவ்வளவு பாடுபட்டுத் துடைத்திருக்கிறோமே என்று செருப்பைக் கழற்றி வாசலில் வைத்தேன். மற்ற நாட்களில் அக்கா துடைத்த தரையில் அதே செருப்போடு குறுக்கும் நெடுக்கும் நடந்தவன்தான்.

வெறுங்காலோடு, ஈரத்தரையில் நின்று, ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்தேன். மேல் விளிம்புக்காக விளக்கை ஓரமாகத் தள்ளினேன்.

கை என்னுடையதாக இல்லை. தோள்வரைக்கும் யாரோ முறுக்கிப் பிழிந்தார்கள். கத்த நினைத்தேன், தாடை இறுகிக்கொண்டது. முழங்கால் மடங்கி விழுந்த வேகத்தில் கை விடுபட்டது, அது என் சாமர்த்தியம் இல்லை. தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு மூச்சு வாங்கினேன். சாகாமல் இருக்கிறோம் என்பது முதலில் புரிந்தது. அடுத்து, 'கடிக்குது சார்' என்று அவர் சொன்னது காதில் கேட்டது. மிதியடி ஏன் தினமும் அங்கே வந்தது என்பது அதற்குப் பிறகுதான் புரிந்தது. அந்த மனுஷி உயிரைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். நான் அதைத் தினமும் காலால் தள்ளி எடுத்தேன். போதாததற்கு, போடக்கூடாது என்று உத்தரவும் போட்டேன்.

சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, விளக்கை இறக்கினேன். துளையின் விளிம்பில் ஒயரின் தோல் உரிந்து செம்பு மினுங்கியது. மனைவி கடைக்குப் போயிருந்தாள். திரும்பி வந்து கேட்டபோது, "ஒயர் கொஞ்சம் லூசா இருந்துச்சு, மாத்தறேன்," என்று மட்டும் சொன்னேன். முழுதாகச் சொல்ல அன்றைக்கு எனக்குத் தைரியம் இல்லை.

விளக்கின் முதுகில் இருந்த பெட்டியைக் கழற்றி எறிந்தேன். எர்த் உள்ள பிளக் பாயின்ட் போட்டு, கரண்டைக் குறைக்கும் அடாப்டரைச் சுவரிலேயே வைத்தேன். இப்போது விளக்குக்குப் போவது பன்னிரண்டு வோல்ட்தான். துளைக்கு ரப்பர் வளையம் போட்டேன். கடையில் அதை ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுத்தார்கள். செருப்பில்லாமல், தரையை நனைத்து, டெஸ்டர் வைத்தும் கை வைத்தும் பத்துத் தடவை பார்த்தேன்.

திங்கட்கிழமை அக்கா வந்தார். முழங்கையில் துணி சுற்றியிருந்தது, தைலம் மணத்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று காலையிலிருந்து மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரைப் பார்த்ததும் வாயில் வந்தது வேறு.

"லைட்டை சரி பண்ணிட்டேன்க்கா. இனிமே கடிக்காது. தொட்டுப் பாருங்க."

அவர் தொடவில்லை. இடது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

"நீங்க மொதல்ல தொடுங்க சார்," என்றார். கொஞ்சம் தயங்கி, "செருப்பக் கழட்டிட்டு," என்றார்.

கழற்றினேன். தொட்டேன். கையை எடுக்காமல் அவரைப் பார்த்தேன்.

"செருப்புதான் காரணம்னு உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"அன்னைக்கே பாத்தேன் சார். ரப்பர் போட்டுகினு தொட்டா உங்களுக்கு எப்டி கடிக்கும்? எங்க ஊட்டுக்காரரு கரண்ட் வேல செஞ்சவரு. இதெல்லாம் தெரியும்."

"நீங்க விழுந்தது?"

"அதான் சார்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே? செருப்பாலதான் எனக்குத் தெரியலன்னு ஒரு வார்த்தை."

அவர் துணியை வாளியில் நனைத்துக்கொண்டே பேசினார். குரலில் கோபம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"எப்டி சார் சொல்றது? சொன்னா, எனக்கும் உள்ள செருப்பு போட்டுக்க உடுங்கன்னு கேக்குற மாரி ஆயிடும். நாலு ஊட்லயும் வாசல்ல கழட்டிட்டுதான் வரேன். உங்ககிட்ட மட்டும் கேட்டா நல்லாவா கீது?"

நான், "தப்பு என்னோடதுக்கா," என்றேன். அதற்கு அவர், "பரவால்ல சார், கை அசையுது, போதும்," என்று சொல்லிவிட்டு, விளக்கைப் புறங்கையால் லேசாகத் தட்டிப் பார்த்து, தள்ளி, கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். ஒரே கையால் துடைத்தார்.

அன்று சாயங்காலம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மிதியடி, விழுந்தது, செருப்பு, ஒன்றையும் விடவில்லை. அவள் எழுந்து தொட்டியருகே போய் நின்றாள். "நானும் அன்னைக்குச் சிரிச்சேன்," என்றாள். ஏதாவது ஒரு இடத்திலாவது நான் நல்லவனாக நின்றாக வேண்டும்போல் இருந்தது.

"கேட்டிருந்தா தாராளமா போட்டுக்குங்கன்னு சொல்லியிருப்பேன். நான் என்ன செருப்பு போடாதன்னா சொல்லப்போறேன்?"

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஒரு மிதியடியயே நீங்க போட விடலையே."