ஆட்டம் நின்ற ஜீப்

ஸ்ரியரிங் ஸ்ரெபிலைசர் பெரிய சாமான் ஒன்றும் இல்லை. ஒரு முழ நீளக் குழாய், அதற்குள் எண்ணெய், உள்ளே போய் வரும் ஒரு தண்டு. மோட்டார் சைக்கிளின் பின்பக்க ஷொக் அப்சோபரைக் கழற்றிக் குறுக்கே படுக்கவைத்தது மாதிரி இருக்கும். முன்சில்லுகள் இரண்டையும் இணைக்கிற நீளக் கம்பியில் ஒரு தலையையும், அசையாத அச்சில் மற்றத் தலையையும் பூட்டிவிட்டால், சில்லுகள் உதறும்போது அந்த உதறலை அது வாங்கிக்கொள்ளும். ஆள் துணை இருந்தால் ஒரு காலைப்பொழுது வேலை. எனக்கு இரண்டு நாள் போனது.

முதலில் ஜீப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். சுவிஸில் ஒரு உணவகக் குசினிக்குள் காலம் முழுக்க வெந்துவிட்டு, ஓய்வெடுத்துக்கொண்டு எங்கள் தீவு ஊரான இறுப்பிட்டிக்குத் திரும்பி வந்ததும் நான் செய்த முதல் விசர்வேலை அது. வவுனியாவில் ஒருவர் வைத்திருந்த பழைய ஜீப். காட்டுப் பாதையில் ஓடுவதற்கென்று உடம்பை உயர்த்தி, உழவு மெஷினுடையது மாதிரிப் பெரிய ரயர் போட்டு வைத்திருந்தார். மாரியில் எங்கள் ஒழுங்கை முழங்கால் தண்ணீரில் கிடக்கும், அதற்கு இதுதான் சரி என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். சும்மா கதை. ஆசைதான் காரணம். மனைவி போனில் படத்தைப் பார்த்துவிட்டு, "உதுக்குப் பதிலா ஒரு யானையை வாங்கியிருக்கலாம். அதெண்டால் குழையைத் திண்டுபோட்டுப் பேசாமல் நிக்கும்" என்றாள்.

அவள் என்னோடு வரவில்லை. அங்கே மகள் வீட்டில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறாள். சண்டை பிடித்துப் பிரிந்தவர்கள் இல்லை நாங்கள். "நீங்கள் முதல் போய் வீட்டைத் திருத்துங்கோ, நான் பிறகு வாறன்" என்றாள். வீட்டைத் திருத்தினேன், கிணற்றை இறைத்தேன், குளிர்காலம் இரண்டு அங்கே போயிற்று. அந்தப் பிறகு மட்டும் வரவில்லை.

இடையில் போன வருஷம் திருவிழாவுக்கு ஒருக்கா வந்தாள். யாழ்ப்பாணத்தில் இருந்து நானே ஏற்றிக்கொண்டு வந்தேன். வேலணையைத் தாண்டித் தாம்போதியில் ஏறினோம். இரண்டு பக்கமும் கடல், நடுவே ஒரு வண்டி போய் ஒரு வண்டி வரத் தெரு. சோளகக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. முன்சில்லு ஒரு கிடங்கில் விழுந்து எழும்பியதுதான் தாமதம், ஸ்ரியரிங் என் கையில் நிற்காமல் இடமும் வலமுமாக அடித்தது. ஜீப் முழுவதும் உதறியது. பிறேக்கை மிதித்து நிற்பாட்டும் மட்டும் நான் கும்பிடாத தெய்வம் இல்லை. நின்றதும் அவள் கதவைத் திறந்து, அந்த உயரத்தில் இருந்து சேலையைப் பிடித்துக்கொண்டு இறங்கி நடக்கத் தொடங்கினாள். நான் பின்னால் ஜீப்பை மெல்ல உருட்டிக்கொண்டு, "ஏறுமப்பா, சனம் பாக்குது" என்று கெஞ்சினேன்.

"பாக்கட்டும். உதிலை இனி ஏறமாட்டன்" என்றாள். மிச்சத் தாம்போதியை நடந்தே முடித்தாள். திரும்பிப் போகும்போதும் ஓட்டோவில்தான் போனாள்.

அன்றிலிருந்து போன் எடுக்கும்போதெல்லாம், என் பிறசரைக் கேட்பதற்கு முன்னமே, "ஜீப் இன்னும் ஆடுதோ?" என்றுதான் கேட்பாள். எனக்கு விஷயம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். ஆட்டம் நின்றால் வருவாள். வந்தால், இந்த முறை தங்கியும் விடுவாள். அடுத்த திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. மனிதர் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டுதானே இருக்கவேண்டும். நான் அந்த ஜீப்பின் ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

யாழ்ப்பாணத்தில் ஒரு கராச்காரர் வண்டியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணை, பெரிய ரயர் போட்டால் இந்த வியாதி வரும்தான். முதல் தேய்ஞ்ச மூட்டுகளை மாத்துவம். அதை விட்டுட்டு ஸ்ரெபிலைசரை மட்டும் பூட்டினால் ஆட்டம் ஒளிச்சிருக்குமே ஒழியப் போகாது." அவரைக்கொண்டே மூட்டுகளை மாற்றி, சில்லுகளையும் நேர்பார்த்தேன். ஸ்ரெபிலைசர் கொழும்பில் இருந்து வரப் பிந்தியது. வந்ததும், நானே பூட்டுகிறேன் என்று கையில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கராச்சில் விட்டால் அரைநாள் கதிரையில் இருந்து சுவரைப் பார்க்கவேண்டும். சுவர் பார்க்க எனக்கு வீட்டிலேயே போதும் போதும் என்று இருக்கிறது. அதோடு, நானே பூட்டினேன் என்று அவளிடம் சொல்லவும் ஒரு விருப்பம்.

வேம்புக்குக் கீழே ஜீப்பை விட்டு, முன் அச்சுக்கு முண்டு கொடுத்துச் சில்லுகளை நிலத்தில் இருந்து கிளப்பினேன். ஸ்ரெபிலைசரின் இரண்டு தலையையும் தாங்குகிற பிடிகளை வைத்து, போல்ற் நட்டுகளை இறுக்கினேன். அதுவரைக்கும் எல்லாம் நல்லாய்த்தான் போனது. மேலே ஏறி ஸ்ரியரிங்கை வலப்பக்கம் முழுக்கத் திருப்பினேன். எங்கேயோ டக்கென்று முட்டியது. இறங்கி, மல்லாந்து படுத்து, நகர்ந்து நகர்ந்து கீழே போய்ப் பார்ப்பதற்குள் தண்டு கொஞ்சம் பின்வாங்கிவிடும். எது முட்டுகிறது என்று பிடிபடவில்லை. சில்லு தன் எல்லையில் முட்டினால் பரவாயில்லை. அதற்கு முன்னமே ஸ்ரெபிலைசர் ஒடுங்கி முட்டினால், ஒருநாள் ஒரு வளைவில் ஸ்ரியரிங் அப்படியே இறுகி நின்றுவிடும். பிறகு கடலுக்குள்தான்.

ஏறினேன், இறங்கினேன், படுத்தேன், எழும்பினேன். முதுகு முழுக்க மண். வேலைக்கு வேண்டியது ஒரே ஒரு ஆள். படித்தவராய் இருக்கத் தேவையில்லை, பலசாலியாய் இருக்கத் தேவையில்லை. மேலே இருந்து திருப்பிப் பிடிக்க இரண்டு கை. எங்கள் ஒழுங்கையில் இருக்கிற வீடுகள் எல்லாம் நல்ல மாடி வீடுகள், எல்லாவற்றுக்கும் புது வர்ணம், எல்லாவற்றுக்கும் பூட்டு. பாரிசுக்கும் கனடாவுக்கும் போன் போட்டு வந்து ஒருக்கா ஸ்ரியரிங்கைப் பிடியுங்கள் என்றா கேட்பது? கோபத்தில் ஸ்பனரைத் தூக்கி எறிந்தேன். பிறகு அதை எடுக்கவும் நான்தான் போகவேண்டியிருந்தது. அன்றைக்கு அவ்வளவுதான். பாணைச் சம்பலோடு தின்றுவிட்டுப் படுத்தேன்.

அடுத்த நாள் காலை திரும்பவும் ஜீப்புக்குக் கீழே கிடந்தபோது படலை திறக்கிற சத்தம் கேட்டது. பின் ஒழுங்கையில் ஆடு வளர்க்கும் பெண். இடைக்கிடை கொக்கத்தடியோடு வந்து என் வேலியில் குழை வெட்டிக்கொண்டு போவார்.

"அண்ணை, பூவரசிலை கொஞ்சம் குழை வெட்டட்டே?"

"வெட்டும் வெட்டும். அதுக்கு முதல் இதுக்குள்ளை ஒருக்கா ஏறி இரும்."

"நானோ? எனக்குச் சைக்கிளே ஓடத் தெரியாது."

"ஓட வேண்டாம். எஞ்சின் நிப்பாட்டித்தான் கிடக்கு. நான் சொல்லுற பக்கம் அதைத் திருப்பினால் காணும்."

அவர் ஜீப்பை மேலும் கீழும் பார்த்தார். செருப்பைக் கழற்றி நிலத்தில் வைத்துவிட்டு, நான் கவிழ்த்து வைத்த பெட்டியில் கால் வைத்து ஏறினார். "என்ரை மனுசன் கண்டால் சிரிச்சே செத்துப்போவார்" என்று மேலே இருந்து சொன்னார்.

"வலப்பக்கம் திருப்பும். இன்னும். இன்னும். அப்பிடியே பிடியும்."

பிடித்தார். அப்போதுதான் என் கண்ணாலே கண்டேன். சில்லு திரும்ப இன்னும் இடம் கிடந்தது, ஆனால் தண்டு முழுக்க உள்ளே போய் முட்டிக்கொண்டு நின்றது. அச்சில் பூட்டிய பிடியை இரண்டு விரலளவு தள்ளி வைத்திருக்கவேண்டும். அவ்வளவுதான் பிழை. கழற்றி, தள்ளி, இறுக்கினேன். "இப்ப திருப்பும்." வலப்பக்கம் சரி. இடப்பக்கம் சரி.

திருப்பிக்கொண்டே அவர் கதைத்துக்கொண்டிருந்தார். கறுத்த ஆடு இரண்டு குட்டி போட்டதாம், ஒன்று பால் குடிக்குதில்லையாம். இந்த முறை கிணறு நேரத்தோடு உவர்த்துப் போச்சாம். "நீங்கள் என்னண்ணை தனியச் சமைச்சுத் தின்னுறியள், அலுப்பில்லையோ" என்று கேட்டார். "பழகிப்போச்சு" என்றேன். வேலை முடிந்துவிட்டது. நான் எழும்பி வந்திருக்கவேண்டும். "இன்னொருக்கா இடப்பக்கம்" என்றேன். திருப்பினார். "இன்னொருக்கா வலப்பக்கம்" என்றேன். என் முற்றத்தில் இன்னொரு மனிதக் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. அதை நிற்பாட்ட எனக்கு மனம் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில், "அண்ணை, ஆடு கத்தப்போகுது" என்று சொல்லி இறங்கிக் குழையை வெட்டிக்கொண்டு போனார்.

அடுத்த நாள் ஜீப்பை எடுத்துக்கொண்டு தாம்போதிக்குப் போனேன். காற்று நன்றாய் அடித்தது. வேண்டுமென்றே வேகத்தைக் கூட்டி, வேண்டுமென்றே கிடங்கில் விட்டேன். ஒரு தடவை தும்மினது மாதிரி அசைந்தது, அவ்வளவுதான், நேரே போனது. திரும்பவும் விட்டேன். நேரே போனது. வேலணைக் கரையில் நிற்பாட்டிவிட்டு அவளுக்குப் போன் எடுத்தேன். எனக்கு மூச்சு வாங்கியது, ஓடி வந்தவன் மாதிரி.

"ஆட்டம் நிண்டிட்டுது" என்றேன். "நானே பூட்டினனான். கிடங்குக்குள்ளை விட்டும் பாத்திட்டன். ஒரு கையாலை ஓடலாம்."

"உண்மையாவோ?"

"அம்மாளாணை."

நீளமாய் ஒரு மூச்சு விட்டாள். அவளுடைய குரல் அப்படி இளகி நான் கேட்டுக் கனகாலம். "இப்பதானப்பா எனக்கு நிம்மதி. நீங்கள் அந்தக் கடலுக்குள்ளை விழுந்து கிடப்பியள் எண்டு எத்தினை நாள் நித்திரை இல்லை. இந்த முறை எப்பிடியும் ரிக்கெற் போட்டு வந்து, அந்தச் சனியனை வித்துப்போட்டு, கொஞ்சக் காலம் உங்களோடை நிண்டு பாப்பம் எண்டுதான் இருந்தனான். மகளுக்கும் சொல்லிப்போட்டன். இனி அவசரம் இல்லைத்தானே. சின்னவனும் இப்பதான் பள்ளிக்கூடம் துவங்கிறான், அவளுக்கும் தனியச் சமாளிக்க ஏலாது."

நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னப்பா, இருக்கிறியளோ?"

"ஓம்" என்றேன். "அவசரம் இல்லை."

"பத்திரமா ஓடுங்கோ என்ன."

திரும்பி வரும்போது ஜீப் ஒரு அசைவும் இல்லாமல் வந்தது. வீட்டுக்கு வந்ததும், பூட்டியதைக் கழற்றி எறிந்துவிட்டு, "ஐயோ, திரும்பவும் ஆடுதப்பா" என்று போன் எடுத்தால் என்ன என்று யோசித்தேன். பகிடிக்கு யோசிக்கவில்லை. ஸ்பனரையும் கையில் எடுத்துவிட்டேன். ஆனால் பொய் சொன்னால் அவள் நித்திரை இல்லாமல் கிடப்பாள், நான் நிம்மதியாய்ச் சோறு தின்னவேண்டும். என்னால் ஏலாது.

முதல் ஓட்டம் ஓடியபின் எல்லா நட்டையும் ஒருக்கா இறுக்கிப் பார்க்கவேண்டும் என்று கராச்காரர் சொல்லியிருந்தார். கீழே போய்ப் படுத்து, ஒவ்வொன்றாய் இறுக்கினேன். ஒன்று கொஞ்சம் இளகித்தான் இருந்தது. அதை இறுக்கும்போது அழுகை வந்துவிட்டது. மல்லாந்து கிடந்து அழுதால் கண்ணீர் காதுக்குள்தான் போகிறது. துடைக்க ஏலவில்லை, கை முழுக்கக் கிறீஸ்.