இடது கையும் இலவம்பஞ்சுத் தலையணையும்

முதலில் நான் பார்த்தது அவளுடைய இடது கையைத்தான். சரியாகச் சொன்னால், அது காணாமல் போனதை. பறையடிக்க இரண்டு குச்சிகள் வேண்டும். வலது கையில் குட்டையான தடித்த அடிக்குச்சி. இடது கையில் நீளமான மெல்லிய மூங்கில் சிம்பு, அதற்குச் சிண்டு என்று பெயர். மூன்றாம் வேகத்துக்குப் போனதும் அவளுடைய வலது கை தெரிந்தது, முகம் தெரிந்தது, நெற்றி வேர்வை தெரிந்தது. இடது மணிக்கட்டு இருந்த இடத்தில் மட்டும் ஓடுகிற மின்விசிறி மாதிரி ஒரு கலங்கல். நான் அடிப்பதை நிறுத்திவிட்டு நின்றேன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவரான பயிற்சியாளர், "அக்கா, வேடிக்கை பாக்கவா வந்தீங்க?" என்றார். ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும்.

அம்பத்தூரில் ஒரு பள்ளி மைதானம். ஞாயிறு காலை ஏழு மணிக்கு இருபது பேர் கூடுவோம். பாதிப் பேர் என்னைப் போல ஐ.டி. ஆட்கள், வாரம் முழுக்க உட்கார்ந்தே கிடந்து ஞாயிற்றுக்கிழமை உடம்பு இருப்பது ஞாபகம் வந்து வருகிறவர்கள். எனக்கு நாற்பத்திரண்டு வயது. அலுவலகப் பொங்கல் விழாவில் ஒரு குழு வந்து பறை அடித்தபோது என் நெஞ்செலும்பு அதிர்ந்தது. அடுத்த வாரமே போய்ச் சேர்ந்துவிட்டேன். முகப்பேர் வீட்டில் என்னோடு இருக்கும் அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "வீணை இருக்கு, வயலின் இருக்கு. அத நம்ம ஏன்டி தொடணும்?" என்றாள். அந்த 'நம்ம'வுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். எரிச்சலோடு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். நானெல்லாம் அதைத் தாண்டி வந்துவிட்டவள் என்று எனக்குள் ஒரு நினைப்பு.

அடுத்த தை மாதம் ஆவடியில் ஒரு கலைவிழா. அதில் எங்கள் குழு ஆட வேண்டும். இரண்டிரண்டு பேராக எதிரெதிரே நின்று, ஒருவர் கையை ஒருவர் பார்த்தபடி மூன்றாம் வேகத்தில் ஐந்து நிமிடம் நிற்காமல் அடிக்க வேண்டும். ஜோடியில் ஒருவர் தவறினாலும் இருவருக்கும் மேடை கிடையாது. பயிற்சியாளர் என்னை, முதல் நாள் நான் வேடிக்கை பார்த்த அவளுக்கு எதிரே நிறுத்தினார். அவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கு வயர் பின்னும் கம்பெனியில் வேலை. "ரெண்டு வருசமா இதுக்குதான்க்கா காத்துகினு கீறேன்," என்றாள். என் இடது கையோ தேநீர்க் கோப்பையைக்கூட ஒழுங்காகத் தூக்காது.

விடாப்பிடியாக இறங்கினேன். யோகா பாயை நான்காக மடித்து அதன்மேல் அடித்தேன். கைப்பேசியில் தாளம் தட்டும் ஒரு செயலி. நிமிடத்துக்கு எண்பது அடியில் தொடங்கி, நூறு, நூற்றிருபது என்று ஏற்றிக்கொண்டே போனேன். மூன்று வாரத்தில் நூற்றறுபது. குச்சி பறந்தது. அலுவலகத்தில் நாலு பேரிடம் காணொளி காட்டிப் பீற்றிக்கொண்டேன்.

அந்த ஞாயிறு மைதானத்தில் காகிதம் எரித்து, தோல் விறைக்கும்வரை பறைகளைக் காய்ச்சினோம். அடித்தோம். ஒரே நிமிடம்தான். என் முன்கை கட்டையாகிவிட்டது. சிண்டு தோலில் ஒட்டிக்கொண்ட மாதிரி எழும்பவே மறுத்தது. மூன்று வாரமும் குச்சியைத் தூக்கிவிட்டது பாயின் ரப்பர், என் கை இல்லை என்று அப்போது எனக்குப் புரியவில்லை. எதிரே அவள் கை அசராமல் போய்க்கொண்டிருந்தது. எனக்கு ஒரே கோபம், ஒரே பிரமிப்பு. இரண்டும் சேர்ந்து வாயில் வந்தது.

"உங்களுக்கென்ன, இதெல்லாம் ரத்தத்துலயே இருக்கு," என்றேன். சத்தியமாகப் புகழ்ந்துதான் சொன்னேன்.

அவள் அடிப்பதை நிறுத்தினாள். "இன்னா ரத்தம்க்கா?" என்றாள். குரல் உயரவில்லை. "சாவுக்கு அடிக்க கூப்டுகினே இருந்தானுங்கன்னு ஊர உட்டு கம்பெனி வேலைக்கு ஓடியாந்தவரு எங்க நைனா. ஊட்ல இந்த பேச்சு எடுத்தாலே தட்ட தள்ளி உட்டு எந்திரிச்சிடுவாரு. முப்பத்தி மூணு வயசு வரிக்கும் நான் இத்த தொட்டதில்ல. நீ எந்த ரத்தத்த சொல்ற?"

பறையைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டாள். அடுத்த ஞாயிறு வரவில்லை.

அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா சொன்ன 'நம்ம'வைத்தான் நானும் சொல்லியிருக்கிறேன்; கொஞ்சம் சர்க்கரை தடவி. அவள் இரண்டு வருடமாகச் செய்ததை ஒரே வார்த்தையில் பிடுங்கி, அவள் அப்பா விட்டு ஓடிவந்த இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். 'நான் சொன்னது தப்பு. மன்னிச்சிடுங்க. நீங்க எப்படிப் பழகினீங்கன்னு நான் கேட்டிருக்கணும்' என்று கைப்பேசியில் அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் மதியம் ஒரு காணொளி வந்தது. கூட ஒரு சொல்கூட இல்லை.

கம்பெனி சாப்பாட்டுக் கூடம். மேசைமேல் கழுவிக் கவிழ்த்த டிபன் பாக்ஸ். பக்கத்தில் பழந்துணி அடைத்த ஒரு சின்ன மூட்டை. இரண்டு கைகள் மட்டும். அவள் அடிக்க ஆரம்பித்தாள். நான் வேகத்துக்குக் காத்திருந்தேன், வேகம் வரவேயில்லை. என் முதல் வேகத்தைவிட மெதுவாக அடித்தாள். துணிமூட்டை குச்சியைத் திருப்பி அனுப்பாது, விழுந்தால் விழுந்ததுதான். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் மணிக்கட்டுதான் அதைத் தூக்க வேண்டும். தூக்கினாள். எல்லா அடியும் ஒரே உயரம். சிண்டைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தொட்டுக்கொண்டிருந்தன, பிடிக்கவில்லை. சுற்றிலும் தட்டுச் சத்தம், சிரிப்பு, யாரோ யாரையோ கூப்பிடுவது. கைகள் எதற்கும் திரும்பவில்லை. இருபது நிமிடம். கடைசியில் சங்கு ஊதியது, கைகள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டன.

மீட்டிங்குக்குப் போகாமல் முழுவதையும் பார்த்தேன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, ஒளிக்க என்ன இருக்கிறது. தினமும் சாப்பாட்டு இடைவேளையில், பத்து நிமிடத்தில் தின்றுவிட்டு, யாரும் பார்க்காத இந்த மெதுவான அடியை அவள் இரண்டு வருடம் அடித்திருக்கிறாள். மைதானத்தில் நான் பார்த்த கலங்கல் இதுதான். அவ்வளவு பெரிய விஷயம் ஒன்றை அதற்கு முன் நான் அத்தனை அருகில் பார்த்ததில்லை.

செயலியை அழித்தேன். அம்மாவின் இலவம்பஞ்சுத் தலையணையை எடுத்தேன். இடது கையால் மட்டும், மெதுவாக. முதல் வாரம் தோளில் வலித்தது. தோளால் அடிக்கிறேன் என்று அர்த்தம். பிறகு முழங்கையில் வலித்தது. ஒருநாள் எங்கேயும் வலிக்கவில்லை. அன்றைக்குத்தான் குச்சியைப் பிடிப்பதை விட்டிருந்தேன். இதற்குள் உறை கிழிந்தது. "பஞ்சு அடிக்கிறவன்கூட இந்த அடி அடிக்க மாட்டான்," என்று முணுமுணுத்தபடி அம்மா வேறு உறை தைத்துக் கொடுத்தாள். மறுபடியும் கிழிந்தது. மறுபடியும் தைத்தாள். அதுவும் கிழிந்தது.

மூன்றாம் ஞாயிறு அவள் வந்தாள். நேரே வந்து எனக்கு எதிரே நின்றாள். "அன்னைக்கு நான் பேசினது..." என்று ஆரம்பித்தேன். "அதான் அனுப்ச்சியே, படிச்சேன். சிண்ட லூசா புடி," என்றாள். அதோடு முடிந்தது. தலையணைக் கதையை அப்புறம்தான் சொன்னேன்.

ஒருநாள் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். முன் இருக்கையில் இருந்த அம்மாள் திரும்பி முறைத்தார். பார்த்தால், அவருக்குப் பின்னால் இருக்கும் கம்பியில் என் இடது கைவிரல்கள் மூன்றாம் வேகத்தில் போய்க்கொண்டிருக்கின்றன. அடி என்று கைக்கு நான் சொல்லவே இல்லை. நாற்பத்திரண்டு வருடம் என்கூடவே தொங்கிக்கொண்டிருந்த கைக்குள் இப்படி ஒன்று தூங்கிக்கொண்டிருந்ததா என்று அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது.

விழா மாலை நான்கு மணிக்கு. என்ன நினைத்தாளோ, அம்மாவும் வந்தாள். முன்வரிசையில் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். காய்ச்சிய பறை தோளில் சூடாக இருந்தது. முதல் வேகம், இரண்டாம் வேகம். மூன்றாவது வந்ததும் அவளுடைய இடது மணிக்கட்டு கலங்கி மறைந்தது. என்னுடையதைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் கண் அதன்மேல்தான் இருந்தது. அவள் சிரித்ததை வைத்து அதுவும் மறைந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். ஐந்து நிமிடமும் நிற்காமல் அடித்தோம். தரையெல்லாம் அதிர்ந்தது.

கீழே இறங்கியதும் அம்மா அவளிடம்தான் கேட்டாள். "இவ எப்படிம்மா இந்த வேகம் அடிக்கிறா? வீட்டுல ஒரு வேலையும் வேகமா செய்ய மாட்டாளே?"

அவள் வேர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அதுவாம்மா? எல்லாம் உங்க பரம்பர. ரத்தத்துலயே கீது."

அம்மாவின் முகம் விழுந்தது. கைப்பை இன்னும் இறுகியது. அவளிடம் நான் அன்றைக்கு என்ன சொன்னேன் என்பதை அம்மாவின் முகத்தில்தான் முழுசாகப் பார்த்தேன். எனக்குத் தலை குனிந்துவிட்டது.

அவள் துண்டை மடித்துத் தோளில் போட்டாள். பிறகு சிரித்தாள். "சும்மா சொன்னேம்மா. ரத்தமும் இல்ல ஒண்ணும் இல்ல. எத்தினி தலகாணி ஒற கிழிச்சிகிதுன்னு கேளுங்க உங்க பொண்ண."

என்னைக் கேட்க வேண்டிய அவசியம் அம்மாவுக்கு இல்லை. அவள் என் இடது கையை, விரலடியில் காய்த்துப்போயிருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணு," என்றாள்.