சடையன் வீட்டுக் கிடாவும் போர்க்கப்பல் சோதனையும்

அருணகிரி முதன்முதலாகக் கடலைப் பார்த்தபோது, ஏற்கெனவே கடற்படையில் சேர்ந்திருந்தான். ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டுப் பக்கம், சாமை விதைக்கிற குடும்பத்தில் பிறந்தவன். போளூரில் பத்தாவது முடித்த கையோடு ஆளெடுப்பு முகாமில் போய் நின்றான். துப்பாக்கி தூக்கப் போகிறோம் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டவனைக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். எஞ்சின் அறையில் பல வருஷம் வெந்த பிறகு, 1979-இல் பம்பாயில் ஒரு மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்தார்கள். இன்னும் கட்டி முடிக்காத கப்பலை எப்படியெல்லாம் வதைக்கலாம் என்று யோசிப்பதுதான் அங்கே வேலை.

அவனே அப்படித்தான் சொல்வான். புது வகைப் போர்க்கப்பல் வரப்போகிறது, ஒரே வரைபடத்தில் நாலு. முதலாவதைத் துறைமுகத்திலும் நடுக்கடலிலும் என்ன பாடு படுத்துவது, எந்தக் காற்றில் திருப்புவது, எவ்வளவு பாரத்தோடு ஓடவிட்டுச் சட்டென்று நிறுத்துவது, பக்கத்தில் நின்று பார்ப்பது யார், எது நடந்தால் தேறியது, எது நடந்தால் தேறவில்லை – எல்லாவற்றையும் முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டும். கட்டுகிறவர்களுக்கு எப்படியாவது தேறிவிட வேண்டும். வாங்குகிறவர்களுக்கோ, தோற்பதாக இருந்தால் இப்போதே தோற்றுத் தொலைய வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருந்த குழுவில் அருணகிரி பதவியில் கடைசி, உற்சாகத்தில் முதல். டீ நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், "எதை வைத்துச் சொல்கிறாய்?" என்று கேட்பான். அவனோடு டீ குடிக்கப் போகிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள்.

அப்பேர்ப்பட்டவன் கல்யாணத்துக்காகத் தை மாதம் விடுப்பில் மலையேறி வந்தான். பெண் நீலாவதி. போன விடுப்பில் அவள் புளியமரத்தின் உச்சியில் நின்று கிளையை உலுக்கியதைக் கீழேயிருந்து பார்த்தவன், அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டான். வாழ்க்கையில் சோதித்துப் பார்க்காமல் அவன் எடுத்த ஒரே முடிவு அதுதான்.

ஆனால் ஊர் சோதிக்கும். காளியம்மன் உத்தரவில்லாமல் அங்கே பெண் கொடுப்பதில்லை. பெண் வீட்டுக் கிடாவைக் கோயில் முன் நிறுத்தித் தண்ணீர் ஊற்றுவார்கள். கிடா உடம்பைச் சிலுப்பினால் அம்மனுக்குச் சம்மதம். சிலுப்பாவிட்டால் அடுத்த ஆடி வரை அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. செங்கத்தில் அரிசி மில் வைத்திருக்கும் ஒரு குடும்பம் நீலாவதியை ஏற்கெனவே இரண்டு முறை கேட்டுவிட்டது. அவர்கள் ஆடி வரை காத்திருக்கிற ரகமில்லை.

முந்தின நாள் சாயங்காலம் பெண் வீட்டில் ஊர்க்கவுண்டர், கோயில் பூசாரி என எல்லோரும் கூடியிருந்தபோது, நீலாவதியின் அப்பா சடையன் கேட்டார்: "மாப்ள, கப்பல்ல உனுக்கு இன்னா வேல?"

"சோதிக்கிறது மாமா."

"தண்ணில வுட்டா மெதக்குது. அப்புறம் இன்னாத்த சோதிக்கிறது?"

இதற்காகத்தானே அருணகிரி காத்திருந்தான். ஒரு குண்டானை அண்டாத் தண்ணீரில் மிதக்கவிட்டான். உள்ளே கூழாங்கற்களைப் போட்டு, இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்த்தி, எவ்வளவு சாய்கிறது என்று காட்டினான். ஊர்க்கவுண்டர் ராஜாக்கண்ணு குனிந்து பார்த்தார். "கவுந்துட்டா?"

"கவுத்த மாட்டோம்ங்க. எவ்ளோ சாஞ்சா கவுந்துரும்னு கணக்குப் போட்டுக்குவோம். மொதக் கப்பலத்தான் இப்டிப் புழிஞ்சி எடுக்கறது. பின்னால வர்றதுங்களுக்கு இவ்ளோ பாடு இல்ல."

சடையனுக்கும் நாலு பெண்கள். மூத்தவள் நீலாவதி. சடையன் தலையாட்டினார்: "ஞாயந்தான்."

"யாரு பாத்து சரின்னு சொல்றது?" என்றார் ராஜாக்கண்ணு.

"கட்னவன் சொல்லக் கூடாதுங்க. இது நடந்தா தேறுச்சின்னு மொதல்லியே பேசிக்கணும். பாதில மாத்தக் கூடாது. 'இன்னும் கொஞ்சம் ஊத்திப் பாப்போம்'ங்கிற பேச்சே கெடையாது."

எல்லோரும் பூசாரியைப் பார்த்தார்கள். கிடா அசையாவிட்டால் பூசாரி அதன் காதில் ஒரு செம்புத் தண்ணீர் விடுவார் என்பது ஊரறிந்தது. காதில் விட்டால் கருங்கல்லும் சிலுப்பும்.

ராஜாக்கண்ணுவின் கண் மின்னியது. "ஏய்யா, நம்ம கிடாவையும் கப்பலாட்டமே பாத்தா இன்னா?"

கள் குடிக்காமலே ஊருக்குப் போதை ஏறியது. ஆளாளுக்கு நிபந்தனை போட்டார்கள். ஒரே குடம். முதுகில் மட்டும். காது ஆகாது. விசில் ஆகாது. பம்பை ஒரு சுற்று அடித்து முடியும்வரை கெடு. கட்டினவர் என்ற முறையில் சடையன் தள்ளி நிற்க வேண்டும். அருணகிரியின் அம்மா மங்கம்மாள் மட்டும் மகனின் தொடையைக் கிள்ளினாள்: "டேய், வாய வெச்சிக்கினு கம்முனு இரேன்டா."

மறுநாள் காலையில் கிடா வந்தது. குடத்துத் தண்ணீர் முழுவதும் முதுகில் விழுந்து, வழுக்கிக்கொண்டு தரைக்குப் போனது. கிடா அசைபோட்டது. பம்பை ஒரு சுற்று அடித்து ஓய்ந்தது. கிடா அசைபோட்டுக்கொண்டே இருந்தது.

பூசாரி ஆசையோடு அதன் காதைப் பார்த்தார். ராஜாக்கண்ணு பூசாரியைப் பார்த்தார். கப்பல் கட்டுகிறவனின் வயிற்றெரிச்சல் எப்படியிருக்கும் என்று அன்றைக்குத்தான் அருணகிரிக்குத் தெரிந்தது.

பெண்கள் நடுவிலிருந்து நீலாவதி வெளியே வந்தாள். "கப்பல்காரரே, கெடா சரியா கீதான்னு யாராச்சும் சோதிச்சீங்களா?" கிடாவின் முதுகில் விரலைத் தேய்த்து முகர்ந்தாள். வேப்பெண்ணெய்!

சடையன் தூரத்திலிருந்தே குரல் கொடுத்தார்: "மாப்ள வூட்டுக்காரங்க பாக்கறாங்களே, பளபளன்னு இருக்கட்டுமேன்னு காலைல தடவுனேன்."

அருணகிரி குதித்தான். "இது சோதனையே இல்லீங்க! தண்ணி ஒடம்புலயே படல! கழுவிட்டு மறுபடியும் ஊத்தணும்!"

ஊரே அரப்புத்தூளோடு ஓடியது. கிடா அதைவிட வேகமாக ஓடியது. அதைத் துரத்தியதில் பூசாரியின் வேட்டி வேலியில் மாட்டியது, சடையன் சாணியில் உட்கார்ந்தார். கடைசியில் ஆளுக்கொரு காலைப் பிடித்து நுரைக்க நுரைக்கத் தேய்த்தார்கள். பாதி தேய்க்கும்போதே கிடா கொம்பிலிருந்து வால்வரை ஒரு சிலுப்பு சிலுப்பியது. எல்லோர் முகத்திலும் நுரை. பம்பைக்காரன் அடிக்கவே ஆரம்பித்துவிட்டான்.

"இரு, இரு." ராஜாக்கண்ணு கையைத் தூக்கினார். "இன்னும் ஆரம்பிக்கவே இல்லியே. இது செல்லுமா? மாப்ள, நீயே சொல்லு."

செல்லும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நீலாவதி அவனுக்கு. அருணகிரி வாயைத் திறந்தான். வந்தது வேறு:

"செல்லாதுங்க. கழுவும்போது நடந்தது கணக்குல வராது."

மங்கம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "இவன நான்தான் பெத்தனா?"

நீலாவதி நிறைகுடத்தைத் தூக்கினாள். கிடாவைத் தாண்டி நடந்தாள். தை மாதத்து மலைத் தண்ணீர் முழுவதையும் அருணகிரியின் தலையில் கவிழ்த்தாள். அவன் உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை சிலுப்பிய சிலுப்பில் ராஜாக்கண்ணுவின் தலைப்பாகை நனைந்தது.

"இது ஆரம்பிச்சதுக்கு அப்புறந்தான?" என்றாள்.

ராஜாக்கண்ணு சிரித்துக்கொண்டே பூசாரி பக்கம் கையைக் காட்டினார். வேட்டியை ஒரு கையில் பிடித்தபடி பூசாரி தீர்ப்புச் சொன்னார்: "அம்மனுக்குக் கெடான்னா இன்னா, மாப்ளன்னா இன்னா? சிலுப்புச்சா இல்லியா? உத்தரவு ஆயிடுச்சி!"

"முதுகுல மட்டுந்தான்னு பேசினோம், இவ தலைல..." என்று பல் தந்தியடிக்க ஆரம்பித்தவன் வாயை மங்கம்மாள் பொத்தினாள்.

அவன் அம்மாவின் கையை மெல்ல விலக்கினான். சொட்டச் சொட்ட நீலாவதியைப் பார்த்தான்.

"ஒரு தடவ நடந்தா தற்செயல்னு சொல்லுவாங்க," என்றான். "இன்னொரு கொடம் ஊத்து."

அவள் காலிக் குடத்தோடு தண்ணீர் மொள்ள ஓடினாள்.