பத்து மணிக்குத் திறந்த தொட்டில்கள்

1. ஹார்மோனியப் பெட்டி

நான் மாதர் சமாஜத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவள். சொன்னால் இப்போது சமூக சேவைக்கு வரும் பெண்கள் கண்ணை விரிக்கிறார்கள். சேவைக்குச் சம்பளமா என்கிறார்கள். சேவை செய்தது அங்கத்தினர்கள். அதை டைப் அடித்து, மினிட்ஸ் எழுதி, காப்பி டம்ளர் குறையாமல் பார்த்துக்கொண்டது நான். அதற்குச் சம்பளம் கொடுக்காவிட்டால் யார் செய்வார்கள்?

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. திரு-கொச்சி சர்க்கார் நடந்த காலம். எங்களுடையது நாஞ்சில் நாட்டுக் குடும்பம்; அப்பா சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்குப்பிள்ளை. நான் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். வலியசாலையில் கோமதி மாமி வீட்டு அவுட்ஹவுஸில்தான் சமாஜம். மாமிதான் பிரசிடெண்ட். இண்டர்வியூவும் அவர்தான்.

"டைப் அடிப்பியோ?"

"அடிப்பேன் மாமி."

"இங்கிலீஷ்லே 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி' வரைக்கும் தனியா எழுதிடுவியோ?"

"எழுதுவேன்."

"ஹார்மோனியப் பொட்டியை ஒத்தையாத் தூக்குவியோ?"

தூக்கிக் காட்டினேன். வேலை கிடைத்தது. முதல் இரண்டு கேள்வியும் சும்மா ஒப்புக்கு என்பது போகப் போகத் தெரிந்தது.

கமிட்டி கூடினால் முதலில் பிரார்த்தனை, அடுத்து உப்புமா, அடுத்து பாட்மிண்டன் கோர்ட் விஷயம், கடைசியில் சமூக சேவை. சமூக சேவைக்கு வருவதற்குள் யாராவது ஒருவருடைய கணவர் ஆபீஸ் விட்டு வந்துவிடுவார். "தி சப்ஜெக்ட் வாஸ் டிஃபர்டு" என்று நான் டைப் அடிப்பேன். அந்த வாக்கியத்தை எனக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் அடிக்க வரும்.

2. வத்தல் மண்டி

ஒரு நாள் சமாஜத்து ஆண்டு விழாவுக்கு நன்கொடை கேட்டு மாமியும் நானும் சாலையில் ஒரு பலசரக்கு மண்டிக்குப் போனோம். உள்முற்றத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சுளகில் பயறு புடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் மிளகாய் வத்தல் மலையாகக் கிடந்தது. கடைசியில் இருந்தவள் மட்டும் இரண்டு தட்டு தட்டுவாள், திரும்பிப் பார்ப்பாள். மறுபடி இரண்டு தட்டு, திரும்பிப் பார்ப்பாள். அவள் பார்த்த இடத்தில் பத்து மாதப் பெண் குழந்தை ஒன்று இருந்தது. அதன் காலை ஒரு துணிக் கிழிசலால் சாக்கு மூட்டையோடு கட்டியிருந்தார்கள்.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழந்தை ஒரு வத்தலைக் கசக்கிக் கண்ணில் தேய்த்துக்கொண்டது. அது போட்ட கூச்சலில் மாமி நன்கொடையை மறந்துபோனார்.

"ஏன்யா, நீர் மனுஷந்தானா? கொழந்தையை இப்படியா கட்டிப் போடறது?" என்று முதலாளியைப் பிடித்துக்கொண்டார்.

முதலாளி கெட்டவர் அல்ல. "மாமி, எனக்கும் பேரப்பிள்ள உண்டும்லா. பிள்ளையக் கொண்டு வராதன்னுதான் நானும் சொல்லுகேன். ஒரு நாளு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா யாரு சமாதானம் சொல்லதுக்கு? ஓணம் வரைக்கும் பாப்பேன். பொறவு பிள்ளையில்லாத ஆளு போரும், மதி" என்றார்.

அந்தப் பெண்ணின் பெயர் செல்லம்மை. தோவாளைப் பக்கம். குழந்தையின் கண்ணைத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "வீட்டுல விட ஆளில்ல மாமி. இந்த வேலையும் போச்சுன்னா அடுப்புல பூனைதான் கெடக்கும்."

மாமிக்கு மூக்கு நுனி சிவந்துவிட்டது. அது கோபமா அழுகையா என்று அவரிடம் எப்போதும் கண்டுபிடிக்க முடியாது. "சரசு, எழுதிக்கோடி. குழந்தைகள் காப்பகம். ஓணத்துக்கு முன்னாடி. இது டிஃபர் பண்ற விஷயமில்லையாக்கும்" என்றார்.

3. போர்டு

சமாஜத்து மாமிகள் இறங்கினால் இறங்கினதுதான். மண்டிக்கு எதிரே பூட்டிக் கிடந்த உப்புக் கிடங்கை முதலாளி வாடகையில்லாமல் கொடுத்தார். வெள்ளையடித்தோம். உத்தரத்தில் வரிசையாகத் தொட்டில்கள் தொங்கின. ஒவ்வொன்றிலும் மாமிகள் கையால் பூ வேலை செய்த குஞ்சம். வாசலில் பெரிய போர்டு: 'தொழிலாளர் குழந்தைகள் காப்பகம். காலை 10 முதல் மாலை 4 வரை.'

நேரத்தைப் பற்றிக் கமிட்டியில் யாரும் பேசவே இல்லை. மினிட்ஸ் எழுதினவள் நான், எனக்குத் தெரியும். குஞ்சம் சிவப்பா பச்சையா என்று இரண்டு கூட்டம் நடந்தது. நேரம் தானாக வந்து உட்கார்ந்துவிட்டது. மாமிகள் குடியிருந்த தெருக்களில் பெண்கள் விடியுமுன் குளித்து மடி உடுத்திக்கொண்டால், சமையல் முடிகிறவரை பெற்ற பிள்ளையைக்கூடத் தொடமாட்டார்கள். சமையல் முடிந்து, வீட்டு ஆண்கள் சாப்பிட்டு ஆபீஸ் போய், மடி களைந்து மூச்சு விட்டால் மணி பத்து. உலகம் அப்போதுதான் தொடங்குகிறது என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை.

திறந்தோம். ஒரு குழந்தைகூட வரவில்லை. மறுநாளும் இல்லை. ஒரு வாரம் நானும் மாமிகளும் வெறும் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தோம்.

"அவாளுக்கு விஷயம் புரியலை. நோட்டீஸ் அடிச்சுக் கொடுப்போம்" என்றார் ஒரு மாமி.

"படிக்கத் தெரியணுமே!"

"அப்போ பாட்டாப் பாடிடுவோம்."

ஹார்மோனியத்தை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். மண்டி வாசலில் காப்பகத்தின் மகிமையைப் பற்றி மோகன ராகத்தில் ஒரு பாட்டு. வண்டிக்காரர்கள் நின்று கேட்டார்கள். குழந்தை வரவில்லை.

4. வாடகைக் குழந்தைகள்

இதற்குள் காப்பகத்தைப் பார்வையிட ஒரு பெரிய அம்மாள் வருவதாகத் தகவல் வந்தது. சர்க்காரில் சமூக நலத்தைக் கவனித்தவர். மலையாளி, தமிழ் நன்றாகப் புரியும், பேசினால் பாதிக்குப் பாதி. பால்பொடியும் ஆயா வைக்கச் சம்பளமும் அவர் கையெழுத்தில் இருந்தன. அவை இல்லாவிட்டால் காப்பகம் ஓணத்தைத் தாண்டாது. காப்பகம் தாண்டாவிட்டால் செல்லம்மையின் வேலையும் தாண்டாது. ஆனால் காட்டுவதற்குத்தான் ஒரு குழந்தையும் இல்லையே.

"சாரமில்லை, பரவாயில்லை. நம்மாத்துக் கொழந்தைகளைப் போட்டுடுவோம். கொழந்தைன்னா எல்லாம் ஒண்ணுதான்" என்றார் கோமதி மாமி.

ஒன்றல்ல. நெய்யும் பருப்பும் தின்று கொழுகொழுவென்று இருந்த ஏழெட்டுக் குழந்தைகள் வந்து சேர்ந்தன. அரையில் தங்க அரைஞாண், கையில் காப்பு, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு. அரைஞாணைக் கழற்றலாம் என்றேன். "வெறும் அரையோடயா? அபிஷ்டு மாதிரிப் பேசாதே" என்று நாலு பேர் சண்டைக்கு வந்தார்கள். கழுத்துவரை துணியைச் சுற்றித் தொட்டிலில் போட்டோம். புழுக்கத்தில் குழந்தைகள் சிவந்துபோய்க் கிடந்தன.

பெரிய அம்மாள் வந்தார். "கொள்ளாம், கொள்ளாம். நல்ல ஆரோக்கியம்" என்று ஒவ்வொரு தொட்டிலாக எட்டிப் பார்த்தார். கோமதி மாமியின் பேரன் பாச்சு தொட்டிலுக்குக் கொஞ்சம் பெரியவன். துணியை உதறிவிட்டு எழுந்து நின்றான். அரைஞாண் பளபளத்தது.

"மோனே, பால் வேணோ?"

"பால் வேண்டாம். காப்பி. நொரையோட."

"உன் அம்மா எந்தக் கடையிலே வேலை?"

"அம்மா வீணை கிளாஸுக்குப் போயிருக்கா." பிறகு கோமதி மாமியின் புடவையைப் பிடித்து இழுத்தான். "பாட்டி, போரும். ஆத்துக்குப் போலாம்."

பெரிய அம்மாள் அரைஞாணைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார். "சாலையிலே கூலி இவ்வளவு கூடியாச்சோ?" என்று கேட்டார்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தால் முகத்தை எங்கே வைப்பது? மாமிதான் பேசினார். குரல் இறங்கியிருந்தது. "எல்லாம் எங்காத்துக் கொழந்தைகள். அவா யாரும் வரலை. ஏன் வரலைன்னு எனக்குத் தெரியலை. அதான் வாஸ்தவம்."

அப்போது எதிர் மண்டியிலிருந்து ஒரு குழந்தை வீறிட்டது. பெரிய அம்மாள் குடையை விரித்துத் தெருவைக் கடந்தார். பின்னாலேயே பட்டுப் புடவையில் மொத்தக் கமிட்டியும் போனது. வத்தல் நெடியில் எல்லாரும் தும்மிக்கொண்டே செல்லம்மை முன்னால் போய் நின்றோம்.

"எதிரே தொட்டில் உண்டல்லோ. எந்தா கொண்டு வராத்தது?"

செல்லம்மை சுளகைக் கீழே வைக்காமலே எழுந்தாள். "பத்து மணிக்கு எப்பிடிம்மா வர? விடியதுக்கு முன்ன லாரி வந்திரும். சொளவ எடுத்தா பொறவு நடுவுல வைக்கப்படாது, எடத்த அடுத்தவ பிடிச்சிருவா. நாங்க வாரப்ப ஒங்க கதவு பூட்டிக் கெடக்கும். ஜன்னலு வழியாப் பாப்பேன். நல்ல தொட்டிலு."

கோமதி மாமி தும்மினார். மூக்கு நுனி சிவந்திருந்தது. அது வத்தலால் மட்டும் அல்ல என்று எனக்குத் தெரியும்.

"பால்பொடி தராம்" என்றார் பெரிய அம்மாள். "பட்சே லாரி வர்ற நேரத்துக்கு நான் ஒரு நாள் வரும். சொல்லாம வரும். தொட்டிலிலே இவளுடைய குட்டி வேணும்."

5. மடியும் மஃப்ளரும்

விடியுமுன் யார் போய்க் கதவைத் திறப்பது என்று கமிட்டி கூடியது. மாமிகள் எல்லாரும் அந்த நேரத்தில் எழுந்தவர்கள்தான். ஆனால் மடி. ஆயா வைக்கலாம் என்றால் சர்க்கார் சம்பளம் சாங்க்ஷன் ஆகவேண்டும். நான் வருகிறேன் என்றேன். "இருட்டுல தனியா ஒரு பொண்ணா? உங்கப்பாவுக்கு யார் பதில் சொல்றது?" என்று மாமி அடக்கிவிட்டார். உப்புமா ஆறிப்போனது. நான் 'டிஃபர்டு' என்று எழுதப் பேனாவைத் திறந்தேன்.

அப்போது வாசல் பக்கம் ஒரு இருமல் கேட்டது. மாமியின் கணவர், ரிடையர்டு கணக்கு சூப்பரின்டெண்டு. நாங்கள் சார் என்போம். கருக்கலில் எழுந்து மஃப்ளர் கட்டிக்கொண்டு, காப்பி வரவில்லை, பேப்பர் வரவில்லை என்று அதிகாரம் பண்ணுவதைத் தவிர அவருக்கு வேறு வேலை கிடையாது. மாமி அந்தப் பக்கம் திரும்பினார். மற்ற மாமிகளும் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மஃப்ளர் இருந்தது.

"கொழந்தைக்குத் தொட்டில் ஆட்டறதெல்லாம் ஒரு வேலையாடி? இவ்வளவு சர்வீஸ் போட்டவன் நான்" என்று சார் குதித்தார்.

"அதான் நானும் சொல்றேன். வேலையே இல்லை. வெறுதே உக்காந்து ஆட்டினா மதி. வரச்சே கொல்லைப்பக்கமா வந்து குளிச்சுட்டு உள்ளே வாங்கோ. காப்பி அப்புறந்தான்."

காப்பியைப் பிடித்துவைத்த பிறகு எந்தச் சூப்பரின்டெண்டு நிற்பார்? முதல் நாள் சாரும் இன்னும் இரண்டு பெரியவர்களும் டார்ச் அடித்துக்கொண்டு போனார்கள். செல்லம்மை குழந்தை வள்ளியைத் தொட்டிலில் போட்டுவிட்டு மனசில்லாமல் போனாளாம். வள்ளி அழுதது. ஆபீசில் கிளார்க்குகளை அடக்குகிற மாதிரி சார் தொண்டையைச் செருமிப் பார்த்தார். அது இன்னும் அழுதது. வேறு வழி தெரியாமல் பேப்பரைப் பிரித்துத் தலையங்கத்தை உரக்கப் படித்தார். வள்ளி வாயை மூடிக்கொண்டு கேட்டது. பத்தி முடிவதற்குள் தூங்கிவிட்டது. இதைச் சார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஒரே வாரத்தில் தொட்டில்கள் நிரம்பின. சில நாள் கழித்து, சார் கொல்லைப்பக்கம் போகாமல் நேராகச் சமையலறை வாசலில் வந்து நின்றார். சட்டைத் தோளில் ஈரம். "வள்ளி மூத்திரம் போயிடுத்து கோமு. நம்ம கொழந்தைகள் நாலையும் நான் ஒரு நாளாவது தோளிலே போட்டிருக்கேனோ?" என்றார். மினிட்ஸில் கையெழுத்து வாங்கப் போயிருந்த நான் வாசலிலேயே நின்றேன். மாமி மடியில்தான் இருந்தார். காப்பியை அவர் கையிலேயே கொடுத்தார். விரல் பட்டது. அன்று மாமி இரண்டாம் தடவை குளிக்கவும் இல்லை.

6. திரும்பாத தலை

ஓணத்துக்குக் கொஞ்சம் முன்னால் பெரிய அம்மாள் வரப்போவது எப்படியோ மண்டி முதலாளி காதுக்கு எட்டி, அவர் என் அப்பாவிடம் சொன்னார். விடியுமுன் அப்பாவோடு நானும் போய்விட்டேன். நல்ல மழை. லாரி வந்து சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது. பெரிய அம்மாள் நனைந்துகொண்டே உள்ளே வந்து, "மகிளா சமாஜம் எவிடே?" என்றார்.

மகளிர் ஒருவரும் இல்லை. மஃப்ளர் கட்டிய மூன்று கிழவர்கள் தொட்டில் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வள்ளி சாரின் தோளில் கண் செருகிக் கிடந்தது. சார் திரும்பிப் பார்த்து, சர்க்காரைப் பார்த்து, "ஷ்ஷ்! இப்போதான் கண்ணசந்திருக்கு. வெளியிலே நில்லுங்கோ" என்றார்.

பெரிய அம்மாள் வாசலுக்கு இறங்கி நின்றார். நானும் பக்கத்தில் நின்றேன். அங்கிருந்து மண்டி முற்றம் தெரியும். செல்லம்மை கடைசி இடத்தில் உட்கார்ந்து புடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு தட்டு. மூன்று. நான்கு. கை நிற்கவே இல்லை.

அந்த வாரமே சாங்க்ஷன் வந்தது, ஆயா வந்தாள், செல்லம்மை வேலையில் நிலைத்தாள். கிழவர்கள் மட்டும் காப்பகத்தை விட்டுப் போக மறுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் எத்தனையோ காப்பகம், தையல் கிளாஸ், பால் விநியோகம் எல்லாவற்றுக்கும் போர்டு எழுதக் கொடுத்திருக்கிறேன். நேரத்தை மட்டும், வரப்போகிறவர்களிடம் கேட்காமல் எழுதச் சொன்னதில்லை. சேவை சரியாக நடக்கிறதா என்று சோதிக்க எனக்கு ரிப்போர்ட்டும் வேண்டாம். அன்று பெரிய அம்மாளும் நானும் மழையில் வெகுநேரம் நின்றோம். செல்லம்மை ஒரு தடவைகூடத் தலையைத் திருப்பிப் பார்க்கவில்லை.