புதன்கிழமை வாதங்கள்

அந்த மனிதரை என் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கியதே நான்தான். அதனால் வேறு யாரையும் குறை சொல்ல எனக்கு வழியில்லை.

நான் தெஹியோவிட்ட டவுனில் த்ரீவீல் ஓட்டுகிறேன். வீடு, டவுனிலிருந்து மேலே ஏறிப் போகிற ரப்பர் தோட்டத்தில். என் மனைவி அங்கே பால் வெட்டுகிறாள். அவள் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். நாங்கள் முனி கும்பிடுகிறவர்கள். விரும்பித்தான் கட்டிக்கொண்டோம். கோயிலிலும் இல்லாமல் சர்ச்சிலும் இல்லாமல் பதிவுத் திருமணம். வீட்டுச் சுவரில் ஒரு பக்கம் அவளுடைய சிலுவை, இன்னொரு பக்கம் மாரியம்மன் படம் போட்ட காலண்டர், நடுவில் டிவி. சாமி விஷயத்தில் எங்களுக்குள் ஒருநாளும் சண்டை வந்ததில்லை. அது ஒற்றுமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பேச்சே வந்ததில்லை என்பதுதான் உண்மை.

எங்கள் தோட்டத்தில் கிறிஸ்தவ வீடுகள் கொஞ்சம்தான். அவர்களுடைய சின்னச் சர்ச்சின் கூரைத் தகரத்தைக் காற்று தூக்கிப் போட்டுவிட்டதால், புதன்கிழமைச் செபக் கூட்டத்தை எங்கள் முன்னறையில் வைத்துக்கொள்ளலாமா என்று மனைவி கேட்டாள். சரி என்றேன். அவிசாவளையிலிருந்து புதிதாக வந்திருந்த பாஸ்டர் பின்னேரம் பஸ்ஸில் வந்து இறங்குவார். நான் ஏற்றிக்கொண்டு போய் விட்டுவிட்டு ஸ்டாண்டுக்குத் திரும்புவேன். இருட்டுவதற்கு முன் போய்த் திரும்ப அழைத்துவருவேன். என்னைவிடச் சில வயது இளையவர். எஹலியகொடப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். என்னை அண்ணே என்பார், அவளை அக்கா என்பார்.

முதல் சில வாரங்கள் ஒன்றும் இல்லை. பிறகு ஒருநாள் திரும்பும்போது பின்சீட்டிலிருந்து அவர், "அண்ணே, அக்கா இன்னைக்கு ஒரு கேள்வி கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியல. அடுத்த வாரம் சொல்றேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். என்ன கேள்வி என்று நான் கேட்கவில்லை. கேட்டால் எனக்குப் புரியாது என்று அவருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம்.

அதற்குப் பிறகு எல்லாம் என் கண்ணில் படத் தொடங்கின. கூட்டம் முடிந்து மற்றவர்கள் போன பிறகும் இவர்கள் இருவரும் பேசிக்கொண்டிருப்பார்கள். கதவு திறந்தே இருக்கும், எங்கள் மகள் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள், எந்தக் குற்றமும் சொல்ல முடியாது. ஆனால் நான் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும். "வந்துட்டீங்களா, டீ குடிக்கிறீங்களா?" என்பாள். என்னைப் பார்த்து அவள் பேசுகிற பேச்சு அவ்வளவுதான். அரிசி வாங்கி வந்தீர்களா, கரண்டு பில் வந்ததா, மகளுடைய பள்ளிக்கூடச் சப்பாத்து கிழிந்துவிட்டது. அந்த முன்னறையில் பார்க்கிற முகம் வேறு. கன்னம் சிவந்து, கைகளை ஆட்டி, ஒரு வசனத்தின் இடத்தை விரலால் தட்டித் தட்டிப் பேசுகிற முகம். பத்து வருஷத்துக்கு மேல் கூடவே இருந்தும் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

அரிசி களையும்போது தனக்குத்தானே முணுமுணுப்பாள். என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். மழை பெய்து வெட்டு இல்லாத காலைகளில் சன்னலோரம் வேதத்தை விரித்துவைத்து உட்கார்ந்துவிடுவாள். அடுத்த புதனுக்கு ஆயத்தமாகிறாள் என்று எனக்குத் தெரியும். சுளீரென்று இருக்கும். இன்னொரு ஆணோடு ஓடிப்போகிறவளைக்கூட ஒரு விதத்தில் புரிந்துகொள்ளலாம். இது என்ன வகை?

ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது கேட்டேவிட்டேன், அப்படி என்னதான் பேசுவீர்கள் என்று.

"வேதந்தாங்க" என்றாள்.

"நம்ம முனியப் பத்தி ஏதும் சொன்னாரா?"

"சொன்னாரு."

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அன்றைக்கு நான் முடிவு கட்டிவிட்டேன். இரண்டு பேரும் உட்கார்ந்து என் அப்பா கும்பிட்ட சாமியைப் பேய் பிசாசு என்று பேசிச் சிரிக்கிறார்கள்.

உள்ளதைச் சொன்னால், அந்த முனியை நான் பெரிதாக நினைத்தவன் இல்லை. தோட்டத்தின் கடைசி மலையில் ஒரு மரத்தடியில் இருக்கிற கல் அது. மேலே மஞ்சளும் குங்குமமும், பக்கத்தில் ஒரு சூலம். அப்பா இருந்தவரை அவர்தான் பூசை செய்தார். நான் வருஷத்துக்கு ஒருமுறை போய்த் தப்பு மேளம் அடிப்பேன், சேவல் கறி சாப்பிடுவேன், வந்துவிடுவேன். ஆனால் அந்த மாதங்களில் முனி திடீரென்று என் சொந்தச் சாமி ஆகிவிட்டார்.

அந்தப் பாஸ்டரை அவருடைய புத்தகத்தை வைத்தே மடக்க வேண்டும் என்று தோன்றியது. மனைவியின் பழைய வேதம் ஒன்று அலமாரியில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டுபோய் ஸ்டாண்டில் ஹயர் இல்லாத நேரத்தில் படித்தேன். எனக்கு முன் வரிசையில் நிற்கிற சிங்கள ஐயா ஒருவர் எட்டிப் பார்த்தார். என் வீட்டுப் புதன்கிழமைக் கதை அவருக்குக் கொஞ்சம் தெரியும். "மல்லி, பரிஸ்ஸமெங்" என்றார். தம்பி, பார்த்து நடந்துகொள் என்று பொருள். எதற்குச் சொன்னார் என்று கேட்காமலே எனக்கு எரிந்தது.

படிக்கப் படிக்கக் கோபம்தான் ஏறியது. ஒரு இடத்தில் ஒரு தீர்க்கதரிசி கேலி செய்கிறார். ஒருவன் மரத்தை வெட்டுகிறான், பாதியை அடுப்பில் வைத்துச் சமைக்கிறான், மீதியைச் செதுக்கிச் சாமி என்று விழுந்து கும்பிடுகிறான் என்கிறார். எத்தனையோ ஆயிரம் மைல் தள்ளி எப்போதோ எழுதியது, என் அப்பாவைப் பார்த்து எழுதியதுபோல இருந்தது. நெடுநேரம் யோசித்துவிட்டு, நம்முடையது மரமில்லை, கல் என்று சமாதானம் செய்துகொண்டேன். இதை அந்தப் பாஸ்டரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று வைத்துக்கொண்டேன்.

அடுத்த புதன் நல்ல மழை. பாஸ்டரை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, கீழே வளைவில் ஒரு ரப்பர் மரம் ரோட்டுக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. யாராவது அதை அகற்றுவார்கள் என்று நெடுநேரம் காத்திருந்துவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து வீட்டுக்குப் பின்பக்கமாக நிறுத்தினேன். சமையலறை வழியாக உள்ளே போனேன். மழைச் சத்தத்தில் நான் வந்தது யாருக்கும் கேட்கவில்லை. செபம் முடிந்து மற்றவர்கள் போயிருந்தார்கள். முன்னறையில் மனைவியின் குரல் கேட்டது. சண்டை போடுகிற குரல்.

"பாஸ்டர், அப்போஸ்தலர் ஒரு இடத்துல விக்கிரகம்ங்கிறது ஒண்ணுமே இல்லைங்கிறாரு. கொஞ்சம் தள்ளி, அதுக்குப் படைக்கிறது பேய்க்குப் படைக்கிறதுங்கிறாரு. ஒண்ணுமே இல்லாததுக்கு நான் எதுக்குப் பயப்படணும்? பேய்தான்னா எங்க மாமா எப்படி அவ்வளவு நல்ல மனுசனா இருந்தாரு?"

நான் அடுப்புப் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டேன். மாமா என்று அவள் சொன்னது என் அப்பாவை.

பாஸ்டர் அவசரப்படவில்லை. மனிதர் நல்லவராக இருப்பதற்கும் அவர் கும்பிட்டது மெய்யாக இருப்பதற்கும் சம்பந்தமில்லை என்றார். கல் ஒன்றுமில்லைதான், ஆனால் கல்லுக்கு முன்னால் மனுஷன் தன் பயத்தையெல்லாம் கொண்டுபோய்க் கொட்டுகிறானே, அந்தப் பயத்தைப் பிடித்துக்கொள்கிற ஒன்று உண்டு, அப்போஸ்தலர் அதைத்தான் சொல்கிறார் என்றார். நல்ல பதில் என்று எனக்கே பட்டது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அவள் விடவில்லை. எகிப்தில் ஆட்டு ரத்தத்தை நிலைக்காலில் பூசச் சொன்னது ஆண்டவர்தானே என்றாள். லயத்து வீடுகளில் காய்ச்சல் வந்தபோது மாமா சேவல் ரத்தத்தை நிலைக்காலில் தொட்டுவைத்ததை அவள் கண்ணால் பார்த்தாளாம். ஒன்றை விசுவாசம் என்கிறீர்கள், மற்றதை மூடநம்பிக்கை என்கிறீர்கள், இரண்டிலும் பிள்ளைகள் பிழைக்க வேண்டும் என்ற ஒரே எண்ணம்தானே என்று கேட்டாள். பாஸ்டர், எகிப்தில் பூசிய ரத்தம் வரப்போகிற பலியின் நிழல், மெய்யான பலி வந்தபிறகு ரத்தம் தேவையில்லாமல் போய்விட்டது என்றார். மாமாவுடையதும் ஏன் அந்த நிழலாக இருக்கக்கூடாது என்றாள் இவள். நட்சத்திரம் பார்த்து, குழந்தையாகப் பிறந்த ஆண்டவரைத் தேடி வந்த சாஸ்திரிகள் யாருடைய வேதத்தைப் படித்துவிட்டு வந்தார்கள் என்றாள். பாஸ்டர் சிரித்துவிட்டார். "அக்கா, அவங்க வந்தது சரி. வந்த பிறகு அங்கேயே நிக்கலையே, வேற வழியாப் போனாங்களே" என்றார். நட்சத்திரத்தை விட்டுவிட்டார்கள் என்று எங்கேயும் எழுதவில்லையே என்றாள்.

என் உடம்பில் ஒரு சுமை இறங்கியதுபோல இருந்தது. இத்தனை மாதமும் இவள் எங்கள் பக்கம் நின்றுதான் வாதாடியிருக்கிறாள். மெதுவாக நடந்து முன்னறைக்குப் போகலாம் என்று காலெடுத்து வைத்தேன். அப்போதுதான் அவள் குரல் தணிந்தது.

கல்யாணமான புதிதில் கடைசி மலையில் தனியாகப் பால் வெட்டப் போட்டார்களாம். விடியுமுன் அந்த மரங்களுக்குள் போக அவளுக்கு நடுக்கமாம். யாரிடமும் சொல்லவில்லையாம். என் அப்பா எப்படியோ கண்டுகொண்டு, முனியிடம் வைத்து எடுத்த ஒரு மஞ்சள் கயிற்றைக் கொண்டுவந்து கொடுத்தாராம். "உன் சாமி கோவிச்சுக்காதும்மா, இது சும்மா தொணைக்கு" என்றாராம். அதைச் சட்டைக் கைக்குள் கட்டிக்கொண்டு, வாயில் ஆண்டவரின் பெயரைச் சொல்லிக்கொண்டு மரத்துக்கு மரம் போனாளாம். "ரெண்டுல எது என்னைக் காப்பாத்துச்சுன்னு இன்னைக்கும் எனக்குத் தெரியலைங்க. அது பாவமா பாஸ்டர்?"

பாஸ்டர் வேதத்தை மூடிவைத்தார். பிறகு, "வீட்டுல அண்ணனுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. அவருக்கு இதெல்லாம் பெரிசில்ல."

குறை சொல்வதுபோல அவள் அதைச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். சற்று முன் இறங்கிய சுமை இரட்டிப்பாக ஏறிக்கொண்டது. என் அப்பாவுக்கும் என் மனைவிக்கும் நடுவில் இப்படி ஒரு கயிறு இருந்திருக்கிறது. அது எனக்குத் தெரியாது. அவிசாவளையிலிருந்து பஸ் ஏறி வருகிற ஒருவருக்குத் தெரியும். அவர் மேல் இருந்த பொறாமை போதாதென்று, செத்துப்போன அப்பா மேலும் பொறாமையாக இருந்தது.

உள்ளே போனேன். மனைவி திடுக்கிட்டு முந்தானையைச் சரிசெய்தாள். ரோட்டில் மரம் விழுந்துவிட்டது என்றேன். உட்காருங்கள் என்று பாஸ்டர் நாற்காலியைத் தள்ளினார். என் வீட்டில் என்னை உட்காரச் சொல்கிறார். உட்கார்ந்தேன்.

"அண்ணே, நீங்க சொல்லுங்க. அந்த முனி யாரு?" என்று கேட்டார். கிண்டல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிய முகம்.

"எங்க அப்பாவோட சாமி."

"உங்க சாமி இல்லையா?"

மகள் பென்சிலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். மனைவியும் பார்த்தாள். ஆயத்தம் செய்து வைத்திருந்தது மட்டும் வாயில் வந்தது. "உங்க புத்தகத்துல மரத்தச் செதுக்கிக் கும்பிடுறவனத்தான் கேலி பண்ணியிருக்கு. எங்க முனி கல்லு."

மனைவி சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. பாஸ்டரும் சிரித்தார். என் காது சூடேறியது. ஆனால் அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னிடம்தான் கேட்டாள், "நீங்க எப்ப அதைப் படிச்சீங்க?" வருஷக்கணக்கில் அவள் என்னிடம் கேட்ட கேள்விகளில், பதில் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றுதான் என்று தோன்றியது.

அந்த வருஷக் கிறிஸ்மஸுக்குப் பிறகு பாஸ்டரை இரத்தினபுரிப் பக்கம் மாற்றிவிட்டார்கள். ஸ்டாண்டில் எல்லோருக்கும் நான் டீ வாங்கிக் கொடுத்தேன். காரணம் சொல்லவில்லை. புதிதாக வந்தவர் வயதானவர், கண்டிப்பானவர். கேள்வி கேட்பது ஏதேன் தோட்டத்துப் பாம்பின் வேலை என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டாராம். சர்ச்சுக்குக் கூரையும் போட்டாகிவிட்டது. புதன்கிழமை பின்னேரங்களில் எங்கள் முன்னறையில் டிவி மட்டும் ஓடியது. மனைவி அரிசி களைந்தாள், முணுமுணுக்கவில்லை. நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. அவளுடைய அந்த முகம் போய்விட்டது.

சில வாரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு ஒரு புதன்கிழமை ஸ்டாண்டிலிருந்து நேரத்தோடு வந்து, அவளுக்கு முன்னால் உட்கார்ந்து, அந்த நிழல் விஷயத்தை எடுத்தேன். பாஸ்டர் சொன்னதையே அவர் மாதிரிச் சொல்லிப் பார்த்தேன். இரண்டே கேள்வியில் என்னை மடக்கிவிட்டு உள்ளே போய்விட்டாள். அடுத்த வாரமும் அப்படித்தான். "அது அப்படி இல்லைங்க, அவரு இதை வேற மாதிரிச் சொல்லுவாரு" என்பாள். அந்த "அவரு" என்ற சொல்லை விழுங்கிக்கொண்டுதான் நான் மேலே படித்தேன். யாரும் அறியாத தேவனுக்கு என்று ஒரு பட்டணத்தில் பலிபீடம் இருந்ததாம், அப்போஸ்தலர் அதை உடைக்காமல் அதையே காட்டிப் பேசினாராம். அதைக் கண்டுபிடித்து அவளிடம் கேட்டேன். நம் கடைசி மலைக்கு அவர் வந்திருந்தால் சூலத்தைப் பிடுங்கி எறிந்திருப்பாரா, இல்லை அதன் பக்கத்தில் நின்று பேசியிருப்பாரா?

அவள் கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள். அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தது.

அடுத்த நாள் பின்னேரம் நான் வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே அவள் போனில் பேசுவது கேட்டது. ஸ்பீக்கரில் பாஸ்டரின் குரல். என் கேள்வியை அப்படியே சொன்னாள், ஒரு சொல்கூடப் பிசகவில்லை. அவர், "ஆழமான கேள்விக்கா, யோசிச்சுத்தான் சொல்லணும்" என்றார்.

"எங்க வீட்டுக்காரரு கேட்டதுங்க" என்றாள்.

குழாயை மூட மறந்து நின்றேன். அந்த மூன்று சொல்லைக் கேட்க எத்தனை மாதம் படித்திருந்தேன். உள்ளே போகலாம், நானும் பேசலாம் என்று கையைத் துடைத்தேன். அதற்குள் மழை தூற ஆரம்பித்தது. சத்தத்தில் அவர் பேசுவது சரியாகக் கேட்கவில்லையோ என்னவோ, போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுபடியும் எனக்குள் பழைய பொறாமை சுருக்கென்று குத்தியது. கதவுக்கு அந்தப் பக்கம் அவள் சத்தமாக வாதாடத் தொடங்கியிருந்தாள்.